டிராக்டருக்கு மாற்று எரிபொருள்: உழவர் போட வேண்டிய கணக்கு

(ஆனைமலையில் தென்னை, நெல் உழவர்களிடையே உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பயிரைப் பற்றிப் பேச வேண்டிய உழவியல் துறையினர் எந்திரத்தையும் எரிபொருளையும் பற்றிப் பேசுவது ஏன் என்று சிலர் நினைக்கலாம். சாகுபடிச் செலவை எழுதும்போது உழவு, மருந்து தெளிப்பு, களை, ஏற்றுக்கூலி என்று வரி வரியாக எழுதுகிறோம். அந்த ஒவ்வொரு வரிக்குள்ளும் டீசலோ பெட்ரோலோ மறைந்து நிற்கிறது. அது ஒரு காரணம். மற்றொரு காரணம் இன்னும் முக்கியமானது. “இனி டீசலே வேண்டாம், இந்தப் பொருள் போதும், இந்தச் செடியை நட்டால் போதும்” என்று சொல்லிக்கொண்டு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை யாரேனும் வருகிறார்கள். அவர்கள் கேட்பது உங்கள் நிலத்தையும் பணத்தையும். அப்போது எந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்பதைத்தான் இன்று விளக்க விரும்புகிறேன்.

நம் பகுதிக்கு இது புதிதல்ல

மோட்டார் வண்டிக்கும் இந்தப் பகுதிக்கும் நூறாண்டுத் தொடர்பு உண்டு. ஜி. டி. நாயுடு அவர்கள் 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். 1931-இல் பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் அவர்கள் தொடங்கிய பஸ் நிறுவனத்துக்கு ஆனைமலையின் பெயரையே வைத்தார்.

பின்னர் இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. அப்போது சென்னை மாகாணமெங்கும் பஸ்கள் கரிவாயுவில் ஓடின. பஸ்ஸின் பின்புறம் ஓர் உயரமான உருளை அடுப்பைப் பொருத்தினார்கள். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் எரியக்கூடிய வாயு வரும். அதை வடிகட்டிக் குளிர்வித்து எஞ்சினுக்குள் விட்டார்கள். பஸ் ஓடியது, ஆனால் மேட்டில் திணறியது. பயணிகள் இறங்கித் தள்ளிய கதையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

திணறியதற்குக் காரணம் எளியது. கரிவாயுவில் ஏறத்தாழப் பாதி, எரியாத நைட்ரஜன். ஆகவே எஞ்சினின் உருளைக்குள் ஒரு தடவை புகும் கலவையில் பெட்ரோல் கலவையைவிட வெப்பம் குறைவு. எஞ்சினின் திறன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்துவிடும். போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தவுடன் கரி உருளைகள் கழற்றப்பட்டன.

இதிலிருந்து ஒன்றை அறிகிறோம். எதைக் கொண்டும் எஞ்சினை ஓட்டலாம். வழி பலருக்கும் தெரிந்ததுதான். எந்த விலையில், எவ்வளவு வேலைக்கு, எத்தனை நாளைக்கு ஓட்டலாம் என்பதுதான் கேள்வி.

ஒரு லிட்டர் டீசல் எங்கே போகிறது?

மின்கட்டணத்தில் நாம் அறிந்த ‘யூனிட்’ அளவையே இங்கும் எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் வெப்பம் இருக்கிறது. டிராக்டர் எஞ்சின் அதை எரிக்கும்போது சுழல்தண்டுக்கு வருவது சுமார் 3 யூனிட்டுதான். மீதி ஏழும் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாகப் போய்விடுகின்றன.

அந்த 3 யூனிட்டும் மண்ணுக்குப் போய்ச் சேர்வதில்லை. கியர் பெட்டியிலும் பின் அச்சிலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உராய்வில் போகிறது. டயர் மண்ணில் வழுக்குவதிலும், மண்ணை நசுக்கிக்கொண்டு உருள்வதிலும் இன்னும் மூன்றில் ஒரு பங்கு போகலாம். கடைசியில் கலப்பையை இழுக்கக் கிடைப்பது 2 யூனிட்டுக்கும் குறைவு. பத்து ரூபாய்க்கு எரிபொருள் வாங்கினால் இரண்டு ரூபாய்க்குக் கூட உழவு நடப்பதில்லை.

பெட்ரோல் எஞ்சினில் இன்னும் குறைவு. டீசல் எஞ்சின் காற்றைப் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக அமுக்குகிறது. சாதாரணப் பெட்ரோல் எஞ்சின் ஒன்பது, பத்தில் ஒரு பங்காகத்தான் அமுக்குகிறது. அமுக்கம் கூடினால் அதே எரிபொருளில் கூடுதல் வேலை கிடைக்கும். ஆகவேதான் கனமான வேலைக்கு டீசல் எஞ்சின் நிலைத்து நிற்கிறது.

செலவில்லாத முதல் எரிபொருள்

ஆகவே, புதிய எரிபொருளைத் தேடுவதற்கு முன், வீணாகும் எட்டு யூனிட்டில் எதைத் தடுக்கலாம் என்று பார்க்க வேண்டும். இதற்கு முதலீடு தேவையில்லை.

முதலாவது, சக்கர வழுக்கல். பின்சக்கரத்தின் ஓரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்ற எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்துகொள்ளுங்கள். 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிறகு அதே நிலத்தில் உழுதுகொண்டே பத்துச் சுற்றுக்கு அளந்து பாருங்கள். 34 மீட்டர் வந்தால் வழுக்கல் 15 விழுக்காடு. உழவில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்கலாம். 25 விழுக்காடு என்றால், நான்கு சுற்றில் ஒரு சுற்று டீசலையும் டயரையும் தின்கிறது என்று பொருள். சக்கரத்துக்கு எடை கூட்டலாம். டயரில் நீர் நிரப்பலாம். தேய்ந்த டயரை மாற்றலாம். அதேசமயம் வழுக்கல் 5 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தால் எடை மிகுதி என்று பொருள். அந்த எடையைச் சுமந்து செல்லவும் டீசல் செலவாகும், மண்ணும் இறுகும். மழைக்குப் பின் ஈரமான தென்னந்தோப்பில் கனமான டிராக்டரை விட்டால் மண் எவ்வளவு இறுகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனைமலைப் பழைய ஆயக்கட்டு நெல் வயல்களில் சேறு கலக்கும்போது இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுவதும் வழுக்கலைக் குறைக்கத்தான்.

இரண்டாவது, கியர். இலேசான வேலைக்கு ஒரு கியர் உயர்த்தி, எஞ்சின் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். அதே வேகத்தில் வேலை நடக்கும். டீசல் 10 முதல் 20 விழுக்காடு வரை மிச்சமாகும். கரும்புகை வந்தால் எஞ்சினுக்குப் பளு மிகுந்துவிட்டது என்று அறிந்து, கியரைக் குறைக்க வேண்டும். ரோட்டாவேட்டர் போன்று தண்டில் சுழலும் கருவிகளுக்கு மட்டும் நிமிடத்துக்கு 540 சுற்று என்ற அளவு கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஆழம். ‘அகல உழுவதை ஆழ உழு’ என்பது மாட்டு ஏரின் காலத்தில் பிறந்த நல்ல மொழி. ஐம்பது குதிரைத்திறன் டிராக்டருக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. ஆழம் கூடக்கூட இழுவிசையும் அதே அளவிலோ அதற்கு மேலோ கூடும். தென்னந்தோப்பில் மரத்தை ஒட்டி ஆழ உழுதால் வேரும் அறுபடும், டீசலும் வீணாகும். களையை அடக்க மேலாக உழுதாலே போதும்.

நான்காவது, வெறுமனே ஓடும் எஞ்சின். நடுத்தர டிராக்டர் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். பாரம் ஏற்றும்வரை எஞ்சினை நிறுத்தி வையுங்கள். காற்று வடிகட்டியை நேரத்துக்குச் சுத்தம் செய்யுங்கள். தூசு அடைத்த வடிகட்டியில் எஞ்சின் மூச்சுத் திணறும். டீசல் எரியாமல் புகையாகப் போகும்.

இந்த நான்கையும் செய்கிறவருக்கு ஐந்து லிட்டரில் ஒரு லிட்டரை மிச்சம் பிடிப்பது அரிதன்று. இதைவிட மலிவான மாற்று எரிபொருள் எதுவும் இல்லை.

சாண எரிவாயு

இனி மாற்று எரிபொருள்களுக்கு வருவோம். நமக்கு மிகவும் பழக்கமானது சாண எரிவாயு. ஒரு கிலோ புதுச் சாணத்திலிருந்து சுமார் 40 லிட்டர் வாயு கிடைக்கும். டீசல் எஞ்சினில் காற்றோடு இந்த வாயுவைக் கலந்து விட்டால் டீசல் செலவில் நான்கில் மூன்று பங்கு வரை குறையும். வாயுவைப் பற்றவைக்கக் கொஞ்சம் டீசல் எப்போதும் வேண்டும்.

ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.45 கன மீட்டர் வாயு வேண்டும். 5 குதிரைத்திறன் எஞ்சின் 4 மணி நேரம் ஓட 9 கன மீட்டர் வேண்டும். அதற்கு நாளொன்றுக்கு 225 கிலோ சாணம். மாடொன்றுக்கு 10 கிலோ என்றால் 22, 23 மாடுகள். நான்கு மாடு வைத்திருப்பவருக்கு எஞ்சின் ஓடாது. ஆனால் 2 கன மீட்டர் கலன் குடும்பத்தின் சமையலுக்குப் போதும். அதோடு கலனிலிருந்து வெளிவரும் சாணக் கரைசல் நல்ல உரம். ஆகவே சிறு உழவருக்குச் சாண எரிவாயுவின் இடம் அடுப்படிதான்.

வண்டிக்குப் போட வேண்டுமானால் வேலை இன்னும் கூடுகிறது. சாண எரிவாயுவில் பத்தில் நான்கு பங்கு எரியாத கரியமில வாயு. அதையும், இரும்பை அரிக்கும் கந்தக வாயுவையும் நீக்கி, சுமார் 200 மடங்கு காற்றழுத்தத்தில் உருளையில் அடைக்க வேண்டும். இது தனி உழவர் தோட்டத்தில் செய்யக்கூடியதன்று, செய்தால் ஆபத்து. கோழிப்பண்ணை எச்சம், சர்க்கரை ஆலைக் கழிவு, ஊர்க் குப்பை ஆகியவை ஓரிடத்தில் குவியும்போது பெரிய ஆலைகளாக இதைச் செய்யலாம். அத்தகைய வாயுவை எண்ணெய் நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளும் திட்டத்தை மத்திய அரசு 2018-இல் கொண்டுவந்தது. நம் பகுதியில் அத்தகைய ஆலை வந்தால், நாம் கழிவை விற்கலாம். எருவைத் திரும்பப் பெறலாம். ஒப்பந்தத்தில் எரு திரும்பி வருவதற்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

தேங்காய்த் தொட்டியும் தேங்காய் எண்ணெயும்

நம் தோப்புகளைப் பார்க்கிறவர்கள் இயல்பாகக் கேட்பது: “இவ்வளவு தென்னை இருக்கும்போது டீசல் எதற்கு?” கணக்குப் பார்ப்போம். ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு ஆண்டுக்கு 100 காய் என்றால் 7000 காய்.

தொட்டிக்கரியை முதலில் எடுத்துக்கொள்வோம். 7000 காயின் தொட்டி (சிரட்டை) ஏறத்தாழ 900 கிலோ வரும். சுட்டால் 270 கிலோ கரி. ஒன்றரைக் கிலோ கரி ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சமம் என்றால் 180 லிட்டர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் காயை அப்படியே வியாபாரிக்கு விற்றுவிடுகிறோம்; தொட்டி நம் தோட்டத்தில் தங்குவதில்லை. தங்கினாலும், தொட்டிக்கரியிலிருந்து தண்ணீரையும் காற்றையும் சுத்தம் செய்யும் செறிவூட்டிய கரி தயாராகி வெளிநாடு போகிறது. அந்த ஆலை தரும் விலையை எஞ்சின் தராது. மேலும் கரிவாயு கொடிய நஞ்சு. நிறமும் மணமும் இல்லாமல் ஆளைக் கொல்லும். மூடிய கொட்டகையில் கரிவாயு அடுப்பை ஒருபோதும் மூட்டக் கூடாது.

அடுத்து எண்ணெய். தாவர எண்ணெயில் டீசல் எஞ்சின் ஓடும் என்பது பழைய செய்தி. 1900-இல் பாரிஸ் பொருட்காட்சியிலேயே ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். பிலிப்பைன்ஸ் நாடு 2006-இல் சட்டம் இயற்றி, தேங்காய் எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளை டீசலில் 2007 முதல் 1 விழுக்காடும் 2009 முதல் 2 விழுக்காடும் கலந்தது. 2024 அக்டோபரில் அதை 3 விழுக்காடாக உயர்த்தியது. அங்கும் கலப்பு மூன்று விழுக்காடுதான் என்பதைக் கவனியுங்கள்.

எண்ணெயை அப்படியே தொட்டியில் ஊற்றுவதில் இரண்டு இடர்கள் உண்டு. ஒன்று, அது டீசலைவிடப் பல மடங்கு கெட்டியானது. பீச்சுகுழலில் நுண் துளியாகச் சிதறாமல் கரி படியும். மற்றொன்று, 24, 25 பாகை வெப்பத்தில் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் வீட்டுப் புட்டியில் உறையும் எண்ணெய் டிராக்டரின் வடிகட்டியிலும் உறையும். மெத்தனாலைச் சேர்த்து வேதிமுறையில் மாற்றினால்தான் டீசலைப் போல இளகும். மெத்தனால் குருடாக்கும் நஞ்சு, எளிதில் தீப்பற்றும். அது ஆலையில் நடக்க வேண்டிய வேலை; களத்துமேட்டில் செய்யக் கூடாது.

இவற்றையெல்லாம் தாண்டினாலும் விலை குறுக்கே நிற்கிறது. ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கொப்பரை வேண்டும். 2025-ஆம் பருவத்துக்கு அரைவைக் கொப்பரையின் ஆதார விலை குவிண்டாலுக்கு ரூ. 11,582. அந்த விலையில் பார்த்தாலும் எண்ணெயின் அடக்கம் லிட்டருக்கு 160 ரூபாய்க்கு மேல். அதே 2025-இல் தமிழ்நாட்டில் டீசல் நூறு ரூபாய்க்கு உள்ளேதான் இருந்தது. உணவாக விற்கும் எண்ணெயை எஞ்சினில் எரிப்பது, நெல்லை விற்காமல் அடுப்பில் போடுவது போலாகும். டீசல் கப்பலில் வந்து சேர வேண்டிய பசிபிக் தீவுகளில் கணக்கு வேறு; நம் ஊரில் வேறு.

உரிமட்டைக்கும் ஓலைக்கும் ஒரு சொல். இவற்றில் சாம்பல் சத்து மிகுதி. தென்னைக்கு மிகவும் தேவைப்படும் சத்தும் அதுவே. மட்டையை வட்டப்பாத்தியில் பரப்பினால் ஈரமும் காக்கும், சத்தும் திரும்பும். நார்க்கழிவை மட்க வைத்துப் போடலாம். எரிப்பதற்கு முன், மண்ணுக்கு என்ன இழப்பு என்ற கணக்கையும் சேர்த்துப் போடுங்கள். உரக்கடையில் பொட்டாஷ் வாங்கும்போது அந்தக் கணக்கு நினைவுக்கு வர வேண்டும்.

காட்டாமணக்கு தந்த பாடம்

எரிபொருளுக்காகவே ஒரு பயிரை வளர்க்கலாமா? இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு பதில் கிடைத்திருக்கிறது.

2003-இல் மத்திய திட்டக்குழு அமைத்த ஒரு குழு, டீசலில் தாவர எண்ணெயைக் கலக்கலாம். அதற்குக் காட்டாமணக்கு ஏற்றது என்று கூறியது. தண்ணீர் வேண்டாம், தரிசில் வளரும், ஆடு மாடு கடிக்காது என்றெல்லாம் அதைப் புகழ்ந்தார்கள். தமிழ்நாட்டிலும் அரசுத் துறைகளும் ஆராய்ச்சி நிலையங்களும் ஊக்கம் கொடுத்தன. நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டன. 2009-இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் 20 விழுக்காடு கலப்பு என்று இலக்கு வைத்தது.

நடந்தது என்ன? ஆடு மாடு கடிக்கவில்லை என்பது மெய்யாயிற்று. வறண்ட நிலத்தில் செடி உயிரோடு இருந்ததும் மெய்தான். ஆனால் உயிரோடு இருப்பது வேறு, காய்ப்பது வேறு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆராய்ந்து 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்றும், நீர் வசதி உள்ளவருக்கே ஓரளவு வழி உண்டு என்றும், ஏழை உழவர்களே மிகுதியாக நட்டப்பட்டார்கள் என்றும் கூறியது. நட்டவர்களில் பலர் செடியைப் பிடுங்கினர். டீசலில் 20 விழுக்காடு என்ற இலக்கு எட்டப்படவில்லை. 2018 கொள்கையில் டீசலுக்கான இலக்கு, 2030-க்குள் 5 விழுக்காடு என்று சுருங்கியது.

விளைச்சலை விட்டுவிடுங்கள். முதல் நாளே ஓர் உழவர் போட்டிருக்கக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ 4 கிலோ விதை வேண்டும். அந்த எண்ணெய் டீசலோடு போட்டியிட வேண்டும். ஆகவே ஒரு கிலோ விதைக்கு டீசல் விலையில் கால் பங்குக்கு மேல் யாராலும் கொடுக்க இயலாது. ஆட்டுகூலி, ஏற்றுகூலி, வேதிமாற்றச் செலவு போக, அதைவிடவும் குறைவுதான். 2005 வாக்கில் டீசல் லிட்டர் 30 ரூபாயை ஒட்டி இருந்தது. அப்படியானால் விதைக்கு உச்சவரம்பு 7 ரூபாய் 50 காசு. நட்ட கூலி, பறித்த கூலி, உரித்த கூலி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்குமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

எரிபொருள் என்பது எந்த விளைபொருளுக்கும் கடைசி விலை தரும் சந்தை. உணவுக்கும் தீவனத்துக்கும் தொழிலுக்கும் ஆகாமல் மிஞ்சுவதுதான் எரிக்கத் தக்கது. நிலத்தையே அதற்கு ஒதுக்குவதற்கு முன் இந்த ஒரு பெருக்கல் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

விதிவிலக்கும் உண்டு. அரசே வாங்கும் அளவையும் விலையையும் உறுதி செய்தால் எரிபொருள் சந்தை நிற்கும். பிரேசில் 1975 முதல் கரும்பு எத்தனாலை அப்படி வளர்த்தது. நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் அறிமுகமாகி, 2025-இல் நாட்டின் சராசரிக் கலப்பே அந்த அளவை எட்டியது. கரும்போடு மக்காச்சோளமும் இப்போது எத்தனாலுக்குப் போகிறது. ஒரு டன்னிலிருந்து ஏறத்தாழ 380 லிட்டர் வரும். உடுமலை, தாராபுரம் பக்கத்து மக்காச்சோள உழவருக்கு இது நல்ல செய்தி. பல்லடம் கோழிப்பண்ணையாளருக்குத் தீவனச் செலவு. இரண்டும் நம் மக்கள்தாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

பயன்படுத்துவோர் அறிய வேண்டியது: எத்தனாலின் வெப்பம் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே 20 விழுக்காடு கலந்தால் மைலேஜ் சற்றுக் குறையும். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, பழைய வடிவமைப்புக் கார்களில் 6 முதல் 7 விழுக்காடும், இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 விழுக்காடும் குறையலாம் என்று மதிப்பிட்டது. ஆனால் எத்தனால் கூடுதல் அமுக்கத்தைத் தாங்கும் குணமுடையது. அதற்கென்றே வடிவமைத்த எஞ்சினில் இழப்பின் ஒரு பகுதியை ஈடுசெய்யலாம்.

எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் கெடுக்கும். உங்களுக்குத் தொல்லை வருவது பெரும்பாலும் காரில் அன்று, விசைத்தெளிப்பானிலும் களைவெட்டும் எந்திரத்திலும்தான். ஏனெனில் அவை மாதக்கணக்கில் சும்மா கிடக்கின்றன. எனவே பருவம் முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, கார்புரேட்டரில் உள்ளதும் தீரும்வரை ஓட்டி நிறுத்துங்கள். பெட்ரோலைக் கேனில் நீண்ட நாள் சேமிக்காதீர்கள். ரப்பர்ப் பாகங்களை மாற்றும்போது எத்தனாலுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.

மின்சாரம்

இந்தியாவின் முதல் மின்மோட்டார் 1937-இல் கோயம்புத்தூர்ப் பீளமேட்டில் ஜி. டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு ஆகியோர் முயற்சியில் உருவானது. கிணற்றுக்கு மோட்டார் வந்தபின் நம் உழவு எப்படி மாறியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த மோட்டார் இப்போது வண்டிக்கும் வருகிறது.

மின்மோட்டாரின் சிறப்பு, கிடைக்கும் மின்சாரத்தில் பத்தில் எட்டுப் பங்கையாவது சக்கரத்துக்குத் தருவது. கிளட்ச், பல கியர்கள் தேவையில்லை. நின்ற நிலையிலேயே முழு இழுவிசை தரும். கணக்காகச் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் வெப்பம். ஸ்கூட்டர் அதில் 45 கிலோமீட்டர் போகிறது. யூனிட்டுக்கு 5 கிலோமீட்டர். மின் ஸ்கூட்டர் ஒரு யூனிட்டில் 30 கிலோமீட்டராவது போகும். அனல் மின்நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் நிலக்கரி வெப்பம் எரிகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஆதாயம் ஆறு மடங்கன்று, இரு மடங்கு. சூரிய ஒளியிலோ காற்றாலையிலோ வந்த மின்சாரமானால் முழு ஆதாயம்.

டிராக்டருக்கு வந்தால் எடை தடுக்கிறது. 50 லிட்டர் டீசல் தொட்டி சுழல்தண்டுக்குத் தரும் 150 யூனிட்டை மின்கலத்தில் சுமக்க வேண்டுமானால் மின்கலம் மட்டும் ஒரு டன்னை ஒட்டி எடையிருக்கும். 2020 டிசம்பரில் சோனாலிகா நிறுவனம் வெளியிட்ட மின் டிராக்டரில் மின்கலம் 25.5 யூனிட். அது சுமார் 7 லிட்டர் டீசல் செய்யும் வேலைக்குச் சமம். நாள் முழுவதும் உழ இது போதாது. ஆனால் தோப்புக்குள் தெளிப்பு, களை வெட்டு, காய் ஏற்றிக் களத்துக்குக் கொண்டுவருதல் போன்ற இலேசான, நின்று நின்று செய்யும் வேலைகளுக்கு ஏற்றது. இந்த வேலைகளில்தான் டீசல் எஞ்சின் மிகுதியாக வீணடிக்கிறது. ஆகவே மின்சாரம் முதலில் ஸ்கூட்டருக்கும் தெளிப்பானுக்கும் சிறு பார வண்டிக்கும் வரட்டும். கலப்பைக்குப் பிறகு வரலாம். கிணற்று மோட்டாருக்கான இலவச மின் இணைப்பு பாசனத்துக்கு மட்டுமே உரியது. அதிலிருந்து வண்டிக்கு மின்னேற்றக் கூடாது.

ஐந்து கேள்விகள்

உழவர் பெருமக்களே! நாளை ஒருவர் புதிய எரிபொருளோடோ புதிய எஞ்சினோடோ வந்தால் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. ஒரு லிட்டர் டீசல் செய்யும் வேலையைச் செய்ய இந்தப் பொருள் எத்தனை கிலோ அல்லது எத்தனை யூனிட் வேண்டும்?

2. அந்த அளவை வேறு சந்தையில் விற்றால் எனக்கு என்ன கிடைக்கும்?

3. அதை எரித்துவிட்டால் என் மண்ணுக்கும் மாட்டுக்கும் என்ன குறையும்?

4. என் எந்திரம் பழுதானால் பொள்ளாச்சியில் பழுது பார்க்க ஆளும் உதிரிப்பாகமும் உண்டா?

5. விளைந்ததை வாங்குவதாகச் சொல்பவர், விலை விழுந்தாலும் வாங்குவதாக எழுதிக் கொடுப்பாரா?

ஐந்துக்கும் நேரான பதில் வந்தால் துணிந்து இறங்குங்கள். முதலில் ஒரு மூலையில் மட்டும் செய்து பாருங்கள். பதில் வராவிட்டால் நிலத்தைக் கொடுக்க வேண்டாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் செய்யக்கூடியது ஒன்றே. நாளைக் காலையில் டிராக்டர் சக்கரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பத்துச் சுற்று அளந்து பாருங்கள். அந்த அளவை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். டீசல் ஊற்றும் நாளையும் லிட்டரையும் உழுத ஏக்கரையும் அதே நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு போகம் முடிந்தபின், ஏக்கருக்கு எத்தனை லிட்டர் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த எண் கையில் இருப்பவரை எந்த விளம்பரமும் எளிதில் ஏமாற்ற முடியாது.

மேலும் விவரம் வேண்டுவோர் ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தையும், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உள்ள வேளாண் பொறியியல் கல்லூரியையும் அணுகிப் பயன்பெறலாம்.